வகைப்படுத்துக

ஜன்னல் வழியாகப் பார்த்தால் கல்லூரி வாசலில் நிற்கிற வெள்ளை வேனின் பின்பாதி மட்டும்தான் தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் ஆவுடை ஒவ்வொரு சுற்றிலும் பார்த்தாள். கடைசி பெஞ்சுவரை நடந்து திரும்பினால் ஜன்னல் வந்துவிடும், ஜன்னல் வந்தால் வேன் வந்துவிடும், வேனுக்குப் பக்கத்தில் மாணவி செண்பகத்தின் மாமா நிற்பார். காலையில் வந்த மனுஷன் இன்னும் உட்காரவில்லை. கோபமாக நின்றால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அவர் வாட்ச்மேனோடு சிரித்துப் பேசிக்கொண்டு, டீ வாங்கி வரச்சொல்லி இரண்டு பேருமாகக் குடித்துக்கொண்டு, விசேஷ வீட்டுக்கு ஆள் கூட்டிப்போக வந்தவர் மாதிரி நிம்மதியாக நின்றார். ஆவுடை திரும்பி நடந்தாள். செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது என்று குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்ததில் கெண்டைக்கால் இறுகிப்போயிருந்தது. ஹால் முழுக்கப் பேனாக்கள் ஓடுகிற சத்தம். நர்சிங் இறுதியாண்டின் கடைசிப் பரீட்சை, மனநலச் செவிலியம், அவளே நடத்திய பாடம். தன் பாடத்துக்குத் தானே கண்காணிப்புக்கு நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நிற்க வேண்டிய மேடத்துக்குக் காய்ச்சல் என்று முதல்வர் இவளை அனுப்பிவிட்டார். வினாத்தாள் கட்டைப் பிரித்தபோதே அவள் கண் அந்த இடத்துக்குத்தான் போனது. இரண்டாம் பக்கத்தில், அடியில்: பாலியல் பிறழ்வுகளை வகைப்படுத்துக, அவற்றுக்கான செவிலியப் பராமரிப்பை எழுதுக. போன வருடம் இது வரவில்லை. அதற்கு முந்தின வருடமும் வரவில்லை. யாரோ ஒருவர் அவசரத்தில் பழைய வினாத்தாள் ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டிருப்பார், அவ்வளவுதான், இதில் சதி ஒன்றும் இல்லை. சதியாக இருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசலாம். மறதியோடு யார் போய்ச் சண்டை போடுவது?

முதல் வரிசையில் ஒருத்தி அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு, எண் போட்டு, அழகாக எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாவது எண்ணுக்கு நேராகத் தன்பால் ஈர்ப்பு என்று இருந்தது. அதன் கீழே சிகிச்சை என்று தொடங்கியவள் மேடம் நிற்பதை உணர்ந்து இடது கையால் மறைத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது, மார்க்கு வேணுமே மேடம் என்பது மாதிரி. அவளை என்ன சொல்வது? திருத்துகிறவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பில் அது இருக்கும், இல்லாவிட்டால் கேள்வியே இருக்காது. ஆவுடை நகர்ந்தாள். நான் ஏன் அந்த வகுப்பை எடுத்தேன் என்ற கேள்வி, செருப்புக்குள் மாட்டிக்கொண்ட சிறு கல்லாக, ஒவ்வொரு அடிக்கும் ஒரு தரம் குத்தியது. அவள் அப்படியெல்லாம் பேசுகிறவளே இல்லை. பின்சுவரைப் பார்த்துக்கொண்டு பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவாள். அவள் வகுப்பில் தூங்கினால் எழுப்ப மாட்டாள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அன்றைக்கு அந்தப் பாடம் வந்தபோது வாசிக்க நாக்கு எழவில்லை. இது பழைய புத்தகம், இந்தத் தலைப்பு இப்போது இந்தப் பட்டியலில் கிடையாது என்றாள். எப்போ எடுத்தாங்க மேடம் என்று யாரோ கேட்டார்கள். எப்போது சேர்த்தார்கள் என்று முதலில் சொல்ல வேண்டும் இல்லையா, அங்கேதான் பேச்சு அவிழ்ந்துவிட்டது.

தன்பால் ஈர்ப்பு என்கிற அந்தச் சொல்லையே ஒரு டாக்டர் உண்டாக்கவில்லை என்றாள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு எழுத்தாளர் உண்டாக்கினார். அவருடைய இளவயது நண்பன் ஒருவனை, உன்னைப்பற்றி வெளியே சொல்லிவிடுவேன் என்று மிரட்டி மிரட்டி ஒருத்தன் சாகவைத்துவிட்டான். இவர்களைத் தண்டிக்காதீர்கள், இவர்கள் இப்படித்தான் பிறக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்கு எழுத அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. காப்பாற்ற வைத்த பெயர். அதை வியன்னாவில் இருந்த ஒரு டாக்டர் எடுத்துத் தன் நோய்ப் பட்டியலில் வைத்துக்கொண்டார். சாதாரண ஜனங்கள் படித்துக் கெட்டுப்போகக் கூடாது என்று கூச்சமான இடங்களை மட்டும் லத்தீனில் எழுதினாராம். வகுப்பு சிரித்தது. அப்புறம் குணப்படுத்துகிறோம் என்று கரண்ட் வைத்தார்கள், வாந்தி வர மருந்து கொடுத்துக்கொண்டே ஆண்களுக்கு ஆண்களின் படம் காட்டினார்கள், மூளையைக் கீறினார்கள். அமெரிக்காவில் ஒருவர் இருந்தார், குளவி ஆராய்ச்சி செய்தவர், லட்சக்கணக்கில் குளவி பிடித்து அளந்து பார்த்து ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்று கண்டவர். அவர் மனிதர்கள் பக்கம் திரும்பி, இரண்டே பெட்டியில் எல்லாரையும் அடைக்க முடியாது, எதிர்பால் மட்டும் என்றால் பூஜ்யம், தன்பால் மட்டும் என்றால் ஆறு, பூஜ்யத்திலிருந்து ஆறுவரை ஒரு அளவுகோல் போடலாம் என்றார். "அப்ப நம்ம வார்டன் அக்கா எத்தன மேடம்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். "அவங்களுக்கு அளவுகோலே பத்தாதுடி" என்று இன்னொன்று. ஆவுடையும் சிரித்தாள், அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மனநல மருத்துவர்கள் மாநாட்டில் ஒரு டாக்டர் முகமூடி மாட்டிக்கொண்டு, குரலை மாற்றுகிற மைக்கில், நானும் அப்படித்தான் என்று பேசியதைச் சொன்னாள். மறு வருடம் பட்டியலிலிருந்து எடுத்ததையும், எடுத்தது சரிதானா என்று அதற்கப்புறம் டாக்டர்கள் எல்லாரும் ஓட்டுப் போட்டதையும் சொன்னாள். அப்போதுதான் செண்பகம் எழுந்தாள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை, ஒல்லியான பெண், எப்போதும் கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள். "நோயா இல்லையான்னு ஓட்டுப் போட்டா மேடம் முடிவு பண்ணுவாங்க? தோத்திருந்தா?"  தோத்திருந்தா என்ற சொல்லைக் கேட்டதும் ஆவுடைக்குள் எங்கோ ஒரு கதவு காற்றில் அடித்துக்கொண்டது. புத்தகத்தில் அந்தத் தலைப்பைப் பென்சிலால் அடித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். எல்லாரும் அடித்தார்கள். சரக் சரக்கென்று ஒரே நேரத்தில் அத்தனை பென்சில்கள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது, அதுதான் இப்போது நினைத்தால் உறுத்துகிறது. ஒரு காரியம் செய்துவிட்டேன் என்று அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதுவரை விடுதியில் அப்படி ஒரு பேச்சே இல்லை. அதுதான் அவளால் தாண்டிப்போக முடியாத இடம். கல்லூரி கண்மாய்க்கரையை ஒட்டி இருக்கிறது, விடுதியில் சாயங்காலமானால் கொசு பிய்த்துவிடும். நிர்வாகம் கொடுத்த கொசுவலைகள் பெரியவை, கல்யாணக் கட்டிலுக்குத் தைத்தவை, யாரோ மொத்தமாக இனாமாகக் கொடுத்தது. ஒற்றைக் கட்டிலுக்குப் போட்டால் தரையில் புரண்டு கிழியும். அதனால் இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டு ஒரு வலை கட்டுவது அந்த விடுதியின் வழக்கம். சேருகிற அன்றே, நீ யார்கூட வலை என்றுதான் புதுப் பிள்ளைகளைக் கேட்பார்கள். சண்டை வந்தால் வலை மாறுவார்கள், சமாதானமானால் திரும்பி வருவார்கள். வார்டன் பொன்னுத்தாய் அக்கா பதினைந்து வருடமாக இந்த வலைகளைத் துவைத்துக் காயப்போட்டு எண்ணி அடுக்கியிருக்கிறாள், ஒருநாளும் அவள் மனசில் ஒன்றும் தோன்றியதில்லை. தோன்றுவதற்கு அவளிடம் பெயர் இல்லை. "புள்ளைய புஸ்தகத்துல எல்லாம் பென்சில்ல அடிச்சு வச்சிருக்காளுவ மேடம், என்னன்னு கேட்டா பல்லக் காட்டுதாளுவ" என்று சாப்பாட்டு நேரத்தில் வந்து கேட்டாள். பழைய பாடம்க்கா, இப்போ அது நோய் இல்லை என்றாள் ஆவுடை. "எது நோய் இல்ல?" அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். ஒன்றுமில்லைக்கா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் மறைத்தால் அதில் தப்பு இருக்கிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள், படித்த புத்தியெல்லாம் வந்து முன்னால் நின்றது. சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், இரண்டு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் வைக்கிற பிரியம், புருஷன் பெண்டாட்டி மாதிரி, அப்படி இருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, அது இயற்கைதான் என்று விளக்கினாள். அக்காவுக்கு வந்த கொட்டாவி பாதியில் நின்றுபோனது. திறந்த வாய் மூடவில்லை. "எல்லா ஊர்லயுமா?" என்றாள். பிறகு சொன்னாள், "இத்தன வருசமா நான் ஒரு கூறுகெட்டவ, வலைய மட்டும் எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க."

அன்று சாயங்காலமே கட்டில்களைப் பிரித்துவிட்டார்கள். பெரிய வலைகளைக் கத்திரியால் இரண்டாக வெட்டி ஓரம் தைத்தார்கள். பிள்ளைகள் முனகினார்கள், கேலி செய்தார்கள், ரெண்டு நாளில் பழகிப்போனார்கள். ஒருநாள் நடுராத்திரியில் டார்ச்சோடு போன வார்டனுக்கு எல்லாக் கட்டிலும் பிரிந்தே கிடந்தது, ஒன்றைத் தவிர. செண்பகமும் ஜெசிந்தாவும் கட்டிலைத் திரும்ப ஒட்டிப் போட்டு, வெட்டின வலையை ஊக்கு குத்திச் சேர்த்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். கை கோத்திருந்தது என்றாள் அக்கா. வெறும் கைதான், அதற்குமேல் ஒன்றுமில்லை. மூன்று வருடமாக அப்படித்தான் தூங்கியிருப்பார்கள், மூன்று வருடமாக அதைப் பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். வார்டன் போன் பண்ணி, ஜெசிந்தாவின் அப்பா மறுநாள் வந்து அவளைக் கூட்டிப்போய்விட்டார், பரீட்சைகூட வேண்டாம் என்றுவிட்டார். இப்போது மூன்றாவது வரிசையில் அந்த இடம் காலியாக இருந்தது. பதிவெண் ஒட்டின பெஞ்சு. அதைத் தாண்டும்போதெல்லாம் ஆவுடையின் இடுப்பு தானாக ஒதுங்கியது, அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் இடிக்காமல் போவதுபோல.

போன ஞாயிற்றுக்கிழமை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மேடம் என்றது குரல். யார் என்று கேட்டாள். ஜெசி மேடம் என்பதற்குள் அவ்வளவு நேரமானது. ஒவ்வொரு எழுத்தும் ஈரத்துணியில் சுற்றி வருவதுபோல வந்தது. "தூக்கம் தூக்கமா வருது மேடம். வாய்ல எச்சி நிக்க மாட்டேங்குது. இங்க டாக்டர் நல்லவர்தான்." அப்புறம் ஏதோ ஒரு கை போனை வாங்கிக்கொண்டது. எந்த மருந்து நாக்கைத் தடிக்க வைக்கும், எந்த மருந்துக்கு எச்சில் ஒழுகும், எந்த அளவுக்குமேல் போனால் கழுத்து ஒருபக்கமாக இழுத்துக்கொள்ளும் என்று பாடம் நடத்துகிறவள் அவள். பரீட்சைக்கு வரும், முக்கியம் என்று நட்சத்திரம் போடச் சொல்கிறவள். அந்த எண்ணுக்குத் திரும்ப அடித்தாள், அணைத்துவைக்கப்பட்டிருந்தது. புளியந்தோப்புக்குள் வீடு மாதிரி ஒரு ஆஸ்பத்திரி என்று மட்டும் விசாரித்ததில் தெரிந்தது. செண்பகத்திடம் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும், படிக்கிற பிள்ளையைக் கலைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டாள். அது உண்மையா? பயம் என்பது உண்மை. போன வாரம் முதல்வர் கூப்பிட்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "இத்தன பாடம் இருக்கையில இதுல மட்டும் உங்களுக்கு என்னம்மா அவ்வளவு ஆர்வம்?" என்று கேட்டார். அவள் காது மடல்வரை சூடாகிவிட்டது. சிவந்ததை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நிற்கும்போது பூஜ்யத்திலிருந்து ஆறுவரை ஒரு கோடு அவள் முகத்தின் குறுக்கே ஓடுகிறது. படிக்கிற காலத்தில் அறையில் இருந்த ஒருத்தி, தலைக்குக் குளித்துவிட்டு வந்து ஈரமுடியை இவள் மடியில் விரித்துப் போட்டுக்கொண்டு கதை படிப்பாள். முடி காயும்வரை ஆவுடை அசைய மாட்டாள், கால் மரத்துப்போனாலும் அசைய மாட்டாள். அதற்கு எத்தனை போடுவது? அன்றைக்கு அதற்கு எண் இல்லை, ஈரம் மட்டும் இருந்தது. இப்போது எடுத்துப் பார்த்தால் அந்த ஈரத்தின்மேலும் யாரோ எழுதிவிட்ட மாதிரி இருக்கிறது. யாரோ என்ன, அவளேதான் எழுதினாள்.

"மேடம், ஷீட்."

செண்பகம் கையைத் தூக்கியிருந்தாள். ஆவுடை கூடுதல் தாளை எடுத்துக்கொண்டு போனாள். கேள்வி எண்ணைப் பெரிதாகப் போட்டு, தன்பால் ஈர்ப்பு இந்த வகைப்பாட்டில் சேராது, காரணங்கள் பின்வருமாறு என்று எழுதியிருந்தது. எழுத்தாளர், வியன்னா டாக்டர், குளவி, முகமூடி, ஓட்டு, ஒன்று விடாமல். அவள் சொன்ன வார்த்தைகளே, அவள் சொன்ன வரிசையிலேயே. கடைசியில் அது குற்றமில்லை என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பையும் சேர்த்திருந்தாள். ஆவுடை குனிந்து தாளில் கையெழுத்துப் போட்டாள். 

"யாரு வந்திருக்கா?" என்று தெரிந்தே கேட்டாள், உதடு அசையாமல்.

"மாமா மேடம். நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டவே இல்ல தெரியுமா. டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம், அவரு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா எனக்கும் ஒண்ணுமில்லன்னுட்டாங்க. ஜெசியும் அங்கதான் இருக்காளாம். பாக்கலாம்னாங்க." முகம் மலர்ந்திருந்தது. காலையில் பொட்டுகூட வைத்து வந்திருக்கிறாள் என்பதை ஆவுடை அப்போதுதான் கவனித்தாள்.

"அந்த டாக்டர்..." என்றாள். 

"அவரும் படிச்சுத்தான மேடம் டாக்டராயிருப்பாரு. நீங்க சொன்னதத்தான் அவரும் சொல்லப் போறாரு."

"என்னம்மா அங்க கூட்டம்?" என்றார் மேசையிலிருந்த தலைமைக் கண்காணிப்பாளர். வேறு கல்லூரியிலிருந்து வந்த வயசானவர், காலையிலிருந்து பாதித் தூக்கத்தில் இருந்தார். ஷீட் கேட்டா சார் என்று சொல்லிவிட்டு ஆவுடை நகர்ந்தாள். நகர்ந்தது கால்தான். அவள் அங்கேயே, அந்தப் பெஞ்சின் பக்கத்திலேயே குனிந்து நின்றுகொண்டிருந்தாள். போகாதே என்று ஒரு சொல். இரண்டு வினாடி போதும். ஆனால் போகாமல் எங்கே போவாள், நாளைக்கு விடுதியைக் காலி செய்ய வேண்டும், என் அறைக்கு வா என்று சொல்ல வேண்டும், சொன்னால் முதல்வர் மறுபடி மின்விசிறியைப் பார்ப்பார், அம்மாவுக்குப் போன் போகும், அவளைப் பெண்பார்க்கத் தென்காசியிலிருந்து வருகிற மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்தி போகும், எல்லாக் கதவும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாராவது நின்றார்கள். மாமா டீ டம்ளரை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வேனின் கதவை இழுத்துப் பார்த்தார், சரியாக மூடுகிறதா என்று. அந்தச் சத்தம் இவ்வளவு தூரம் கேட்க நியாயமில்லை. கேட்டது.

மணி அடித்தது. விடைத்தாள்களை வாங்கிக்கொண்டே வந்தவள், செண்பகத்தின் தாளை மட்டும் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கட்டுக்கு அடியில் பிடித்து வந்து மேசை இழுப்பறைக்குள் தள்ளினாள். எண்ணிக்கை சேரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. அது விதி. பெரியவர் எச்சில் தொட்டு எண்ணினார். திரும்ப எண்ணினார். "ஒண்ணு குறையுதேம்மா." அவருக்கு வேர்த்துவிட்டது. ஆவுடைக்குத் திட்டம் என்று எதுவும் இல்லை. யாரும் எழுந்திருக்கவில்லை, அது போதும், இப்படியே கொஞ்ச நேரம், சாயங்காலம்வரை, இந்த அறைக்குள் யாரும், யாருடைய மாமாவும் வரமுடியாது. விளக்குப் போடுவார்கள், போலீஸ்கூட வரட்டும். அவள் நெஞ்சு அடித்துக்கொண்டதில் ஒரு சந்தோஷம் கலந்திருந்தது.

"மேடம்," என்று செண்பகம் எழுந்தாள். உதவி செய்கிற குரல். "என்னோடத ட்ராயர்ல வச்சீங்களே, மறந்துட்டீங்களா?" அவளே வந்து இழுப்பறையைத் திறந்து எடுத்து இரண்டு கையாலும் கட்டின்மேல் வைத்தாள். "மேடத்துக்கு அவங்க பாடம்ல, பதட்டம்" என்று யாரோ சொல்ல ஹாலே சிரித்தது. பெரியவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "ரிட்டயராகப் போற நேரத்துல கொன்னுட்டீங்களேம்மா. போங்க, எல்லாரும் போங்க."

படிக்கட்டில் ஆவுடை ஓடிப்போய்த்தான் பிடிக்க வேண்டியிருந்தது. "ஜெசி எனக்குப் போன் பண்ணினா" என்றாள்.

"உங்களுக்கா? என்ன சொன்னா?"

"தூக்கம் வருதுன்னு சொன்னா. தூக்கம் தூக்கமா."

"அவ எப்பவுமே தூங்குமூஞ்சிதான மேடம்." சிரித்துக்கொண்டே இரண்டிரண்டு படியாக இறங்கினாள். வெயிலில் கண் கூசியது. சொல்லிவிட்டேன், ஆனால் சொல்லவில்லை. மருந்து என்று சொல்ல வேண்டும், நாக்கு என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டும். நாலு பேர் பார்க்கையில் ஒரு பெண்ணின் கையைப் பிடிக்க அவளால் இனி எப்போதும் முடியாது என்று தெரிந்தது, அதுவும் அவள் செய்துகொண்டதுதான். வேன் பக்கத்தில் வந்துவிட்டது. மாமா கும்பிட்டார்.

"நீங்கதான் அந்த மேடமா. புள்ள உங்க பேச்சாத்தான் இருக்கும்."

"நானும் வரேன்" என்றாள் ஆவுடை. தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்டாள். "டாக்டர்ட்ட பேசணும். நான்தான் பாடம் எடுத்தேன்."

 அவர் அவள் கழுத்தைப் பார்த்தார், கால்விரலைப் பார்த்தார், திரும்பவும் முகத்தைப் பார்த்தார். "இன்னும் கலியாணம் ஆகலையோ?"

"இல்ல."

"ஏறுங்க மேடம். தாராளமா ஏறுங்க." கதவை அவரே அகலமாகத் திறந்துவிட்டார். செண்பகம் ஜன்னல் பக்கம் நகர்ந்து, சீட்டைக் கையால் தட்டித் துடைத்து இடம் போட்டாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே வெயிலில் காய்ந்த ரெக்ஸின் வாசனை அடித்தது. பின்சீட்டில் யாரோ இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஜன்னலிலிருந்து பார்த்தபோது அவர்கள் தெரியவில்லை. கதவு மூடியது. வண்டி நகர்ந்ததும் மாமா முன்சீட்டிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"டாக்டர், கிளம்பிட்டோம். ஒருத்தி இல்ல, ரெண்டு பேரு." கொஞ்சம் கேட்டுக்கொண்டார். "ஆமாமா, ஒரே கேசுதான்."